ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை மாத்திரை

வெள்ளை பனியன் துணியில் சூடான அயர்ன் பாக்ஸ் படும்போது ஒரு வாசம் வரும். சோறு வடிக்கிற ஆவியும் மெஷின் ஆயிலும் கலந்த மாதிரி...

அந்த வாசத்துக்குள் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நான் விசில் அடித்தால் நாற்பது மெஷினும் ஒரே நொடியில் நிற்கும். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் என் கையைக் குலுக்கி, "யூ கம் லண்டன்" என்றார். பாஸ்போர்ட் இல்லை, அதனால் போகவில்லை. அவ்வளவுதான்.

படிப்பு எட்டாவது. ஆனால் அட்டைப்பெட்டியில் இருக்கும் இங்கிலீஷ், சட்டைக் காலருக்குள் தைக்கிற லேபிள் இங்கிலீஷ் எல்லாம் எனக்கு மனப்பாடம். யாருக்கு என்ன பேப்பர் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும்.

என் லைனில் எஸ்தர் என்று ஒரு ஓவர்லாக் டெய்லர். சாத்தான்குளம் பக்கம். கணவர் லோடு ஏற்றுகிற வேலை, இரண்டு குழந்தைகள், லைன் வீட்டில் ஒற்றை அறை. அவள் கை வேகத்தைப் பார்க்கப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களே வருவார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவர் வந்தது உண்மை.

ஒரு சீசனில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. நேராகப் போகவேண்டிய தோள்பட்டைத் தையல் வளைந்து நெளிந்தது. ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தும் வியர்வை. ஆள் பாதியாகிவிட்டாள். கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம்.

"அண்ணாச்சி, கை நிக்க மாட்டேங்கு. என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாவளா?"

"நான் இருக்கறப்ப எவன் கண்ணு நிப்பாட்றது? வா, கோயமுத்தூர்லயே காட்டிப் போடலாம்."

அங்கே டாக்டர் வெளிமாநிலத்துக்காரர். தமிழ் அரைகுறை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். பிறகு ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு எழுதி, இங்கிலீஷில் கடகடவென்று விளக்கினார். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரும் என் முகத்தைப் பார்த்தார்.

டேப்லெட் என்றது புரிந்தது. ஆபரேஷன் என்றதும் புரிந்தது. நடுவில் சொன்னது சுத்தமாகப் புரியவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு இங்கிலீஷ் வராது என்று எஸ்தருக்குத் தெரிந்துபோகுமே... தவிர, ஆபரேஷன் என்றால் லீவு. ஷிப்மெண்ட் வேறு தலைக்கு மேல் நின்றது.

"டேப்லெட் ஓகே சார்" என்றேன். அவர் ஒன்றாவதை டிக் அடித்தார்.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

"மாத்திரைதான் கண்ணு. அப்பப்ப ரத்தம் பாத்துக்கோணும்."

மாத்திரையில் கை நடுக்கம் நின்றது. ஊரெல்லாம் சொன்னேன். நான்தான் குணப்படுத்தினேன் என்கிற மாதிரியே சொன்னேன். ஆனால் ரத்தம் பார்க்க ஒரு நாள் போகவேண்டும், அந்த நாளுக்குக் கூலி கிடையாது. அவள் போகவில்லை. சீசன் சூடு பிடித்து எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். "அப்ப மாத்திரையும் கூடத்தானே போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலி, ஒன்றரை மாத்திரை. "ஆமா, பின்ன?" என்றேன்.

சில மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். முகம் உப்பி, குரல் கட்டி, பட்டப்பகலில் மெஷின் மேலேயே தலை சாய்த்தாள். கை இப்போது நடுங்கவில்லை, நகரவேயில்லை.

சாம்பிள் பார்க்க வந்த முதலாளியம்மா அதைக் கவனித்தார். காலேஜ் படித்தவர். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டு, எஸ்தர் பைபிளுக்குள் வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார்.

"எனக்கும் இதேதானுங்க இருந்துச்சு. மூணு வழி எழுதியிருக்காங்களே, நீ ஏன் கண்ணு மாத்திரைய எடுத்தே?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மூணா?" என்று மட்டும் கேட்டாள். நான் நூல் கோனை எடுத்து இடம் மாற்றி வைத்தேன்.

முதலாளியம்மா எடுத்தது இரண்டாவது வழி. கதிர்வீச்சு உள்ள ஒரு மருந்தைக் குடித்துவிட்டுச் சில நாள் குழந்தைகளை அண்டாமல் தனியாக இருக்கவேண்டும். அவருக்கு மாடியில் தனி அறை, தனி பாத்ரூம், வாசலில் தட்டு வைக்க ஆள். எஸ்தரின் ஒற்றை அறையில் எந்த மூலைக்குப் போவாள்?

அடுத்த தடவை முதலாளியம்மாவே கூடப் போனார். எஸ்தர் மூன்றையும் கேட்டுவிட்டு, "தனி ரூம் இல்ல, ரத்தம் பாக்க மாசாமாசம் லீவும் போட முடியாது, அறுத்துருங்க" என்றாளாம். மாத்திரை கூடிப்போய்த் தைராய்டு ஒரேயடியாக அடங்கியிருந்ததால், முதலில் அளவைச் சரிசெய்தார்கள். பிறகு அரசாங்க இன்சூரன்ஸ் கார்டில் ஆபரேஷன். அப்படி ஒரு கார்டு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. எடுத்துவிட்ட தைராய்டுக்குப் பதிலாக இப்போது தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். எத்தனை ஷிப்ட் ஓடினாலும் ஒன்றுதான்.

விசில் எல்லாம் போய் இப்போது பெல் வந்துவிட்டது. நான் ஸ்டோரில். எஸ்தர் லைன் சூப்பர்வைசர், நான் இருந்த அதே இடத்தில். போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கை நடுக்கம், கழுத்தில் வீக்கம். எஸ்தர் கம்பெனி ஹிந்தியில் என்னவோ பேசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரட்டுமா கண்ணு?"

"வாங்க அண்ணாச்சி. வண்டிய ஓட்டுங்க. உள்ள மட்டும் வர வேண்டாம்."

வெளியே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் தாளோடு வந்தார்கள்.

"எதை எடுத்தீங்க?"

"மூணையும் கேட்டாச்சு. யோசிச்சிட்டு வாரோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

வண்டியை எடுத்தேன். டாக்டரிடம் அப்படியும் ஒரு பதில் சொல்லலாம் என்பது, லண்டனுக்கே கூப்பிடப்பட்ட எனக்கு, எஸ்தரைக் கூட்டிப்போன அன்று தெரியவில்லை.