சுண்ணாம்புக் கோடு போட்ட பாட்டில்

நான் இரண்டு தடவை பீர் குடித்திருக்கிறேன். முதல் தடவை அது பீர் என்று தெரியாது. இரண்டாம் தடவை தெரிந்தேதான் குடித்தேன். இரண்டுக்கும் ஒரே பாட்டில். இதை எழுதினால் எங்கள் தெருவில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆண்கள் என்ன குடித்தார்கள் என்று எனக்கும் தெரியும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் சாயவேலை. முன்பக்கம் ஒரு தறி, பின்பக்கம் அடுப்பும் அண்டாக்களும். சாயம் போடுவது என் வீட்டுக்காரர். புளிப்பு பார்ப்பது நான். அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாயம் ஏறிய பட்டை அப்படியே காயப்போட்டால் செத்த பாம்பு மாதிரி தொங்கும். கடைசியில் ஒரு தடவை புளிப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் மினுக்கும். கையில் கசக்கினால் நறுக் நறுக்கென்று பேசும். புளிப்பு குறைந்தால் பட்டு பேசாது. கூடினால் இழை இற்றுப்போகும். சரியான அளவைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி நாக்கு. விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும். என் மாமியாருக்கு வெற்றிலை போட்டுப் போட்டு நாக்கு தடித்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் பீடி. மிச்சம் என் நாக்குதான். நான் காபியைக்கூடச் சூடாகக் குடிக்க மாட்டேன்.

புளிப்புக்குக் கடை ஆசிட் வாங்குவோம், வினிகர் மாதிரி, ஆனால் கெட்டியானது. அந்தப் பாட்டில் வயிற்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். தண்ணீர் என்று நினைத்து யாரும் வாயில் ஊற்றிக்கொள்ளக் கூடாது அல்லவா? படிக்கத் தெரியாதவர்களும் புழங்கும் வீடு. எங்கள் தெருவில் எல்லாச் சாயக்கார வீட்டிலும் இதே வழக்கம்தான். கோடு இருந்தால் ஆசிட். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு வருஷம் வைகாசியில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெல்ஜியம் என்ற நாடு. அங்கே அவர் குடும்பத்துக்கும் தறிகள் இருந்தனவாம். நாங்கள் புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்வதைப் பார்க்க வந்திருந்தார். வயசானவர், சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துகொள்வார். கூடவே கூட்டுறவு சங்கத்து கிளார்க் ஒருவர் வருவார், மொழிபெயர்க்க. அவர் மொழிபெயர்ப்பு எப்படி என்றால், வெள்ளைக்காரர் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் இவர் எங்கள் பக்கம் திரும்பி, “நல்லாக்கீதாம்” என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் நான் புளிப்பு பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். எழுந்து வந்து அண்டாவில் தானும் விரலைவிட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, தன் நாக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கிளார்க்கிடம் நிறையச் சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்று கேட்டேன்.

“புளிக்கிதாம்மா” என்றார் கிளார்க்.

மறுநாள் கிளார்க் லீவு. வெள்ளைக்காரர் தனியாக வந்தார். பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். கெட்டிப் பச்சைக் கண்ணாடி, மேலெல்லாம் தூசி, கார்க்கைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தது. பேர் எழுதிய காகிதம் எதுவும் இல்லை. வயிற்றில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு.

இரண்டு கையாலும் கொடுத்தார். அண்டாவைக் காட்டினார், என்னைக் காட்டினார், தன் நாக்கைத் தொட்டார். பிறகு கையைச் சின்னப் பிள்ளை உயரத்தில் வைத்து, மெல்ல மெல்ல ஏற்றி, பெரிய ஆள் உயரத்துக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்கிறார் என்று என் வீட்டுக்காரர் அர்த்தம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கே அவர் மதுரைப் பக்கம் போய்விட்டார்.

அந்த நேரத்தில் எங்கள் அடுப்பில் இருந்தது சாதாரணப் பட்டு இல்லை. ஆடி வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அம்மனுக்குக் கட்டுகிற புடவை. அதற்குச் சாயம் போட்டு நெய்து கொடுக்கிற உரிமை எங்கள் வீட்டுடையது, என் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து. எதிர்வரிசையில் ஒரு வீட்டார் அந்த உரிமை எப்போது கைமாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த உரிமை போனால் என் வீட்டுக்காரர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

மஞ்சள் உடல், அரக்குக் கரை. கரைக்கான பட்டு நூலை மட்டும் சின்ன அண்டாவில் புளிப்புக்குப் போட்டோம். அந்த மாசம் கடையில் வந்த ஆசிட் சப்பென்று இருந்தது. எவ்வளவு ஊற்றியும் ஏறவில்லை.

“அந்த வெள்ளக்காரர் ஆசிட்ட எடு” என்றார் வீட்டுக்காரர்.

கம்பியை அவிழ்த்ததும் கார்க் படாரென்று எகிறிக் கூரை ஓட்டில் அடித்தது. நுரை பொங்கியது. மாமியார் திருப்தியாகத் தலையாட்டினார். “ஆசிட்டுதான். நொரைக்கிது பாரு.”

தெரியாத சரக்கை அப்படியே ஊற்ற நான் விடமாட்டேன். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடை ஆசிட் என்றால் மூக்கில் ஒரு குத்து, நாக்கில் ஒரு கடி, அதோடு சரி. இது அப்படி இல்லை. முதலில் புளிப்பு வந்து காதுக்குக் கீழே தாடையைத் திறந்துவிட்டது. அதன் பின்னால் விளாம்பழத்தை உடைத்ததும் வருமே ஒரு வாசனை, அது வந்தது. அதற்கும் பின்னால் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் நிற்கும் இடத்து வாசனை: ஈரச் சாக்கு, தோல்வார், புல். கடைசியில் எல்லாம் போய் வாய் உலர்ந்து சுத்தமாக நின்றது. நான் துப்பவில்லை. துப்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

“இன்னா, ஆவுமா ஆவாதா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஆவும். ஆனா இதுக்குள்ள யாரோ ஆளு இருக்குது” என்றேன்.

“ஆசிட்டுக்குள்ள ஆளாம். ஊத்துடீ.”

பாதிப் பாட்டிலில் அளவு சரியாக வந்தது. மீதியைக் கார்க் போட்டு மூடி எடுத்துவைத்தேன். பட்டு பிரமாதமாக வந்தது. அந்த மாதிரிப் பேசிய பட்டை அதற்கு முன்னால் நான் கசக்கியதில்லை. கரையைத் தறியில் ஏற்றி, ஆனி முடிவதற்குள் பாதிப் புடவை நெய்தாகிவிட்டது.

அப்போதுதான் வெள்ளைக்காரர் திரும்பி வந்தார். கூடவே கிளார்க்கும். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கிளார்க் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நீ குடிச்சியா, எப்டி இருந்திச்சின்னு கேக்கறாருமா.”

“எத்த குடிச்சேனா?”

“பீராம்மா அது.”

அப்புறம் அந்த மனிதர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழுசாக மொழிபெயர்த்தார். கோதுமையும் பார்லியும் போட்டுக் காய்ச்சி, காற்றிலேயே புளிக்கவிட்டு, மர பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்து, பிறகு பாட்டிலில் அடைத்து நிலவறையில் படுக்கப்போட்டிருந்ததாம். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சுண்ணாம்புக் கோடு. பாட்டிலில் அடைத்தது அவருடைய அப்பா. அவர்கள் ஊரிலேயே இப்போது இது கிடைக்காதாம். நான் அண்டாவில் விரல்வைத்துப் பார்த்ததைப் பார்த்ததும், இந்தப் பெண்ணுக்குத்தான் இது புரியும் என்று தோன்றியதாம். கையை ஏற்றிக் காட்டியது பீருக்கு எத்தனை வயசு என்று சொல்ல.

மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தறியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

“அண்டாவுல ஊத்திட்டோம்னு சொல்லுங்க” என்றேன்.

என்னால் முடியாது என்று கிளார்க் கையை விரித்தார். நானே பாட்டிலைக் காட்டி, அண்டாவைக் காட்டி, தறியில் இருந்த அரக்குக் கரையைக் காட்டினேன். வெள்ளைக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தறிப் பக்கம் வந்தார். அப்புறம் குனிந்து கரையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை நிறுத்தவில்லை. மீதி இருக்கிறதா என்று சைகையில் கேட்டார்.

இருந்தது. எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவந்தேன். வீட்டுக்காரர், “ஏய், இன்னா பண்ற நீ?” என்றார். “ஏற்கெனவே முழுங்கியாச்சி. தெரியாம முழுங்கனா புண்ணியம், தெரிஞ்சி முழுங்கனா பாவமா?” என்றேன்.

நுரை போய்விட்டிருந்தது. ஆனால் ருசி போகவில்லை. இந்தத் தடவை வாய் நிறைய வைத்துக்கொண்டேன். விளாம்பழம் இருந்தது, குதிரை இருந்தது. முதல் தடவை விரல்நுனிக்கு அகப்படாத ஒன்றும் இருந்தது: பழைய மரப்பெட்டியைத் திறந்ததும் வருகிற வாசனை. இனிப்பு துளி இல்லை. மயக்கம், போதை என்று எதுவும் ஏறவில்லை. வெள்ளைக்காரர் சின்னச் சின்ன வாயாகக் குடித்தார். கிளார்க் ஒரு டம்ளரை ஒரே மடக்கில் காலிபண்ணிவிட்டு, “கெட்டுப்போச்சி போலக்குது” என்றார். அடுத்த டம்ளரை நீட்டினார். நான் ஊற்றவில்லை. இன்னும் கொஞ்சம் பாட்டிலில் இருந்தது. எனக்கு வேலை இருந்தது அதில்.

அவர்கள் போனதும் வீட்டில் சண்டை. அது மதுவிலக்கை எடுத்து, சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். தெருவில் தறிச்சத்தம் குறைந்து வாய்ச்சத்தம் கூடியிருந்தது. குடிக்கிறவன் கோயில் படி ஏறக் கூடாது என்று எங்கள் கோயில் தர்மகர்த்தா கட்டுப்பாடு போட்டிருந்தார். அவர் தெருவில் பெரிய மனிதர், வாலிபத்தில் சாயக்காரர்.

“கிளார்க்குக்கு ஏதாவது சொல்லி வாய மூடிடலாம்” என்றார் வீட்டுக்காரர்.

“அவன் வாயா? சாயங்காலத்துக்குள்ள சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் போயிடும். அம்மன் மேல கட்டனப்புறம் அவுக்கச் சொன்னா எங்க மூஞ்சிய வெச்சிக்கிறது? இப்பவே நான் போய் சொல்றேன்.”

“நீ வாயத் தொறந்தா உரிமை போயிடும்டீ.”

“தொறக்காட்டியும் போவும். தொறந்துட்டே போவட்டும்.”

பாட்டிலையும் ஒரு டம்ளரையும் முந்தானையில் மூடிக்கொண்டு போனேன். தர்மகர்த்தா மதியச் சாப்பாடு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

“கள்ளுல நனைச்ச பட்ட அம்மனுக்குக் கட்டச் சொல்றியா?”

“கள்ளு இல்ல மாமா. பார்லி, கோதுமை.”

“எல்லாம் ஒன்னுதான். கரைய அறுத்துப் போடு. புடவைய எதிர்வரிசைல நெய்யச் சொல்றேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

“மாமா, கொதிக்கிற தண்ணில எத்தினி புழுவக் கொன்னா ஒரு புடவைக்குப் பட்டு வருதுன்னு உங்களுக்குத் தெரியும். அத்தக் கட்டிக்கிற அம்மனுக்கு ரெண்டு டம்ளர் பார்லித் தண்ணியா தீட்டு? ஆடியில அவளுக்கு இன்னா ஊத்தறோம்? கூழு. கேவுரு மாவக் கரைச்சி புளிக்கவெச்சி, காலைல பானை குமிழி வுட்டுக்கினு இருக்கும். மொதல் சொம்பு நீங்கதான குடிக்கிறீங்க? அத்த ஒரு ராத்திரி புளிக்கவெச்சா கூழு. இத்த பல வருஷம் புளிக்கவெச்சிருக்காங்க. வேற இன்னா வித்தியாசம்?”

டம்ளரில் மீதியை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். “பார்த்துட்டு சொல்லுங்க. சாராயம்னு உங்க நாக்கு சொன்னா கரைய நானே அறுக்கறேன்.”

“பொம்பள நீ இன்னா தைரியத்துல இத்த என் வூட்டுக்குள்ள எடுத்தாந்த?” என்றார். ஆனால் டம்ளரைத் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், சாயக்காரர் என்பதால் பழக்கதோஷத்தில், விரலை முக்கி நாக்கு நுனியில் வைத்தார். வைத்துவிட்டுத் துப்புவதற்கு வாசல் பக்கம் திரும்பினார். துப்பவில்லை.

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, “யாரது?” என்று கேட்டார். “யாருமில்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“விளாம்பழம்.”

“ஆமா.”

“அப்புறம் இன்னாமோ ஒன்னு.”

“குதிரை.”

தலையை ஆட்டினார். “வெள்ளிக்கெழமைக்குக் கட்ட மாட்டேன். கூழு ஊத்தற அன்னிக்குக் கட்டறேன். புளிச்சது புளிச்சதோட போவட்டும். வெள்ளிக்கெழமைக்கு வேற புடவ நெய்யி.”

“யாரு நெய்யறது?”

“உங்க வூட்டுலதான். வேற யாரு?” என்றார். “அந்த டம்ளர இங்கயே வெச்சிட்டுப் போ. நாளைக்கி ஆளுகிட்ட குடுத்தனுப்பறேன்.”

ஒரு புடவைக்கு இரண்டு புடவையாக வேலை சேர்ந்தது. அதற்கும் என் வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டினார். தூங்காமல் நெய்தார், வாய் ஓயாமல் திட்டினார், ஆனால் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்.

கூழ் ஊற்றிய அன்று அம்மன் அரக்குக் கரை கட்டிக்கொண்டு நின்றாள். பூசாரி கொசுவத்தை மடித்தபோது பட்டு பேசியது எனக்கு வாசல்வரை கேட்டது. தர்மகர்த்தா முதல் சொம்பைக் குடித்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். நானும் என் சொம்பைக் குடித்தேன். நான் பிறந்த முசரவாக்கத்தில் என் அம்மா கரைத்த கூழும் அதே ருசிதான். நல்ல கூழ், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ராத்திரிப் புளிப்புதானே? அதற்கு இன்னும் வயசு பத்தாது.