முட்டைக்குள் நடப்பதைக் காட்ட நினைத்தவர்

சாரதாமணி ராசிபுரத்துக்காரர். வீட்டில் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே படித்தவர். விலங்கியலில் எம்.எஸ்சி., அதன்பின் எம்.எட். முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நாமக்கல்லை ஒட்டியிருந்த ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பட்டம் முடித்தவர்கள் பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியராகப் போகிற இடம் அது. அவர் உயிரியல் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து மேசையில் கணக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் கோபத்தில் பாதியைக் காதால் கேட்டிருக்கிறேன். மீதியை, வகுப்பு முடிந்து வந்து அவர் சாக்பீஸ் டப்பாவை மேசைமேல் வைக்கிற வேகத்திலிருந்து தெரிந்துகொள்வேன்.

எழுபத்தாறில் கல்லூரி அவரை ஒரு மாதப் பயிற்சிக்கு மைசூருக்கு அனுப்பியது. கல்வித் தொழில்நுட்பம் என்ற சொல்லையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம். போகச் சொன்னால் வேறு யாரும் போகவில்லை, அதனால் அவர் போனார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். படம் காட்டிப் பாடம் நடத்தலாம், குரலைப் பதிவு செய்து ஓடவிடலாம், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தவளையின் இதயம் தெரியும் என்று ஒரு வாரம் ஓயாமல் பேசினார்.

எங்கள் கல்லூரியில் ஏற்கெனவே ஒரு சிலைடு புரொஜக்டர் இருந்தது. அரசாங்கம் கொடுத்தது. முதல்வர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஆய்வுக்குழு வருகிற நாளில் வெளியே எடுத்து, துடைத்து, மேசைமேல் வைப்பார்கள். குழு போனதும் மறுபடி பீரோ. சாரதாமணி நேராக முதல்வர் பாலசுந்தரத்திடம் போய்க் கேட்டார்.

"எடுத்துக்குங்கம்மா, யாரு வேண்டாங்கறா?" என்றார் அவர். "ஆனா ரூமை இருட்டாக்கோணுமே?"

"ஆமாங்க சார். ஜன்னலுக்குக் கருப்புத் துணி போட்டாப் போதுங்க."

"ஏம்மா, ஆம்பளப் பசங்களும் பொம்பளப் புள்ளைங்களும் ஒண்ணா உக்காந்திருக்கற ரூமு. பட்டப்பகல்ல கதவைச் சாத்தி இருட்டாக்குனா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? கல்லூரித் தலைவர் கூப்பிட்டுக் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"பாடம் பாக்கறாங்கன்னு சொல்லுங்க சார்."

"நீங்க சொல்லீருவீங்க. ரிட்டையர் ஆகப்போறவன் நானு."

அவர் ஓய்வு பெற இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. எந்தப் பொருள் உடைந்தாலும், எந்தப் பேச்சு கிளம்பினாலும் தன் தலையில்தான் விடியும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தோடு யாரும் வாதாடி ஜெயிக்க முடியாது.

சாரதாமணி அறையை இருட்டாக்காமலே படம் காட்ட வழி தேடினார். பெரிய மரப்பெட்டி ஒன்று. முன்பக்கம் வெளிச்சம் ஊடுருவுகிற டிரேசிங் தாள் ஒட்டிய திரை. உள்ளே ஒரு கண்ணாடி. புரொஜக்டரின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து விழும். பெட்டிக்குள் மட்டும் இருட்டு இருந்தால் போதும். காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு, லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த தச்சர் மிச்சமான பலகையில் பெட்டியைச் செய்து கொடுத்தார். லாரிக்கு அடிக்கிற பெயின்டையே அடித்து, யாரும் கேட்காமல் நாலு மூலையிலும் தாமரைப்பூ போட்டு அனுப்பினார்கள். மாட்டுவண்டியில் அது கல்லூரி வாசலில் வந்து இறங்கியபோது மாணவர்கள் கைதட்டினார்கள். பாலசுந்தரத்துக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை. பீரோவைத் திறந்தார்.

திறந்தாயிற்று, காட்ட என்ன இருக்கிறது? புரொஜக்டரோடு வந்த சிலைடுகளில் துருவக் கரடியும் நயாகரா அருவியும் இருந்தன. மேல்நிலை வகுப்பு விலங்கியலில் கோழிக்கரு வளர்ச்சி ஒரு பாடம். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை. ஆனால் முட்டைக்குள் நடப்பதை எந்த ஆசிரியரும் பார்த்ததில்லை. புத்தகத்தில் இருந்த மசிப்படத்தைப் பார்த்துப் போர்டில் வரைந்துவிட்டுப் போனார்கள். அதையே படமெடுப்பது என்று அவர் முடிவு செய்தார்.

மோகனூர் சாலையில் சௌந்திரம் என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கும் மிஷின் வைத்திருந்தார். சாரதாமணி போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயில் கை வைத்தார்.

"ஏனுங்க டீச்சர், குஞ்சாகப்போற முட்டையை ஒடைச்சுப் பாக்கறதுங்களா? பாவமில்லீங்களா?"

"ஒரு தடவை ஒடைச்சுப் படம் எடுத்துட்டா, அப்பறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒடைக்கவே வேண்டாமுங்க அக்கா."

சௌந்திரம் கொஞ்சம் யோசித்தார். "செரி, வாங்க. எங்க மாமியார் ஊட்டுல இல்லாத நாளாப் பாத்து வாங்க."

நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கி, நாள் வாரியாக முட்டையை உடைத்துப் படமெடுத்தார் சாரதாமணி. சிவப்புப் புள்ளியாகத் துடிக்கும் இதயம், கருமிளகு அளவில் கண், அலகு, ஈரச் சிறகு. படச்சுருளை மெட்ராஸுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். முதல் சுருள் முழுக்க வெளிறிப் போய் வந்தது. இரண்டாவதில் பாதி தேறியது. மூன்றாவது சுருளுக்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. தமிழில் விளக்கம் எழுதி டேப்பில் பேசப் போனால், பக்கத்துப் பட்டறைகளில் தகரம் தட்டுகிற சத்தம் வசனத்துக்கு வசனம் உள்ளே புகுந்தது. கடைசியில் ஆயுதபூஜை விடுமுறையில், பட்டறை எல்லாம் மூடிக் கிடந்த நாளில், ஒரே மூச்சில் பேசி முடித்தார். பேசும்போது பட்டன் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். முடிந்ததும் அவர் சிரித்த சிரிப்பை அதற்கப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.

எண்பத்திரண்டில் பயிற்சிக்குப் போன எங்கள் மாணவர்கள், முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியையும் புரொஜக்டரையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். முதல் பள்ளித் தலைமையாசிரியர், "பரீட்சைல சிலைடா கேக்கறாங்க? போர்டுல படம் போட்டுப் பாகம் குறிச்சுட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது பள்ளியில் கரண்டே இல்லை. மூன்றாவதில் பெட்டி வாசற்படியில் நுழையவில்லை. சாரதாமணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வாசற்படியை நானா போய் இடிக்க முடியும்?" என்றார்.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. சௌந்திரத்தின் மிஷினில் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. சுற்றுவட்டப் பண்ணைக்காரர்களுக்கும் அதே கதை. சௌந்திரம் கல்லூரிக்கே தேடி வந்தார்.

"டீச்சர், நீங்க எடுத்தீங்களே அந்தப் படம், அதை எங்க ஆளுங்களுக்கு ஒருக்கா காட்டுனீங்கன்னா தேவலைங்க. எப்பச் சாகுதுன்னே எங்களுக்குத் தெரியல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் புரொஜக்டரும் டெம்போவில் ஏறின. தீவன மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஐம்பது அறுபது பேர் பார்த்தார்கள். நாலாம் நாள் படம் வந்ததும் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, கரண்டு போறப்ப இந்தக் கட்டத்துல இருந்தா என்னாகுமுங்க?" சாரதாமணி சொன்ன பதிலிலிருந்து அடுத்த கேள்வி, அதிலிருந்து இன்னொன்று. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. டேப்பை நிறுத்திவிட்டு சாரதாமணி நேராகவே பேசினார். தான் ஆசிரியராக இருப்பதன் பயனை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்ததாக மறுநாள் என்னிடம் சொன்னார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெமோ வந்தது. கல்லூரிச் சொத்தை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனது ஏன் என்று விளக்கம் கேட்டு. "பெட்டி என்னது, படம் என்னது, குரல் என்னது. புரொஜக்டர் மட்டும் கல்லூரியுடையது. அது பீரோவில் இருந்ததைவிட அன்று பத்திரமாக இருந்தது" என்று அவர் எழுதிக் கொடுத்தார். கடைசி வரியை அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை.

பண்ணைக்காரர்கள் புகழ்ந்து பேசியது கல்லூரித் தலைவர் காதுக்குப் போனது. அவருக்கும் பண்ணை உண்டு. மெமோ அப்படியே நின்றது. அதற்குப் பதிலாக, கல்லூரியிலேயே விழாவாக வைத்துக் காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பந்தல் போட்டார்கள். நாலு பக்கத்து ஊர்களிலிருந்தும் விவசாயிகள் வந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைவருக்கு மாலை, தலைவர் மைத்துனருக்குப் பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்த வந்தவர்கள் ஒவ்வொருவரும் கல்வித் தொழில்நுட்பத்தின் அருமையைப் பற்றிப் பேசினார்கள். பெட்டிக்குப் பின்னால் முதல் சிலைடைச் செருகி வைத்துக்கொண்டு சாரதாமணி நின்றுகொண்டே இருந்தார். நன்றியுரைக்கு முன் படம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஐந்தாவது வாழ்த்துரையில் கரண்டு போயிற்று.

விவசாயிகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று கிளம்பினார்கள். சௌந்திரம் மட்டும் வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி, பொறவு ஒரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்துவிட்டுப் போனார். கரண்டு திரும்பி வந்தபோது எகிறிக்கொண்டு வந்தது. புரொஜக்டர் பல்பு ஒரு தடவை நீலமாக மின்னி அணைந்தது.

அது வெளிநாட்டுப் பல்பு. வாங்க மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு கம்பெனிதான் பதில் போட்டது. மூன்றாவதுக்காகக் காத்திருந்ததில் ஒரு மழைக்காலம் போனது. சிலைடுகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சாரதாமணி கேட்டதற்கு, விழாவில் வைத்த பிறகு அவையும் கல்லூரிச் சொத்து என்று பதில் வந்தது. மறுபடி பீரோ திறந்தபோது பாதிப் படங்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. துடிக்கும் இதயத்தின் படம் போயே போய்விட்டது. அவர் பாலசுந்தரத்தின் முன்னால் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் வேணும்னு செய்யலம்மா" என்றார். அது உண்மைதான்.

இரண்டு வருஷம் கழித்துக் கலர் டிவி வந்தது. கல்லூரி மாணவர்களுக்கென்று தில்லியிலிருந்து மதியத்தில் பாடம் ஒளிபரப்பானது, எல்லாம் ஆங்கிலம். சாரதாமணி நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தமிழில் விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்து, நேர அட்டவணையையே மாற்றி எழுதினார். டிவியை எங்கே வைப்பது என்பது மட்டும் அவர் கையில் இல்லை. முதல்வர் அறையில் வைத்தார்கள். கிரிக்கெட் நடக்கிற நாளில் அந்த அறையில் நிற்க இடம் இருக்காது. பாடம் வருகிற நேரத்தில் முதல்வர் சாப்பிடப் போயிருப்பார்; அறை பூட்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எண்பத்தாறில் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பி.எட். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். நான் அவரைப் பார்த்து, இனியாவது சும்மா இருங்கள் என்றேன். "மேலேயிருந்து மாத்துனா கீழ தானா மாறுமுங்க" என்று பஸ் ஏறினார். ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் ஒரு பாடத்துக்காவது தானே படமோ ஒலிநாடாவோ தயாரித்து வகுப்பில் பயன்படுத்திக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. இதுதான் அவர் வைத்த யோசனை. குழு ஏகமனதாக வரவேற்றது. புதிய பாடத்திட்டம் அச்சாகி வந்தபோது கல்வித் தொழில்நுட்பம் ஒரு தனித் தாளாக இருந்தது. எல்லாக் கல்லூரியிலும் கருவிகள் இல்லாத காரணத்தால் செய்முறை நீக்கப்பட்டு, முழுவதும் எழுத்துத் தேர்வாக வைக்கப்பட்டிருந்தது. வந்த மாதமே சேலம் கடைகளில் கைடும் வந்துவிட்டது.

எண்பத்தெட்டு கோடையில் சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். நானும் போயிருந்தேன். கட்டாய வினா: சிலைடு புரொஜக்டரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க. சாரதாமணிக்குக் கொடுத்த விடைத்தாள் கட்டின் எல்லாத் தாளிலும் ஒரே படம், ஒரே வரி. கைடில் லென்ஸை இடம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். எல்லோரும் அப்படியே இடம் மாற்றி வரைந்திருந்தார்கள். அவர் எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போனார்.

"ஐயா, இந்தப் படத்துல இருக்கற மாதிரி லென்ஸை வெச்சா திரையில ஒண்ணும் விழாதுங்க. இவங்கள்ல ஒருத்தராவது அந்த மிஷினைத் தொட்டுப் பாத்திருப்பாங்களா?"

"கேள்வியில தொடச் சொல்லலையே மேடம்" என்றார் அவர், தலை நிமிராமல். "பல்பு, லென்ஸு, ஆடி, மூணும் குறிச்சிருந்தா முழு மார்க் போட்டுருங்க. விடைக்குறிப்பும் அப்படித்தான் இருக்கு."

சாரதாமணி வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"நான் கேட்டது இதுதானுங்களா?" என்றார். "அவங்க படம் காட்டோணும்னு கேட்டேன். அவங்களைப் படம் வரைய வெச்சுட்டாங்க. இனி நான் செத்தாலும் இந்தத் தாளை எடுக்க மாட்டாங்க பாருங்க."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று முனகியபடி சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்த விடைத்தாள் கட்டுக்குள் ஒருவர்கூடத் தோற்கவில்லை.