லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்

தொண்ணூறுகளில் மலேசியாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் கார் ஓடிய தூரத்தை நோட்டில் எழுதி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பேன்.

ஒரு மாதம், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரைச் சுத்தம் செய்யும் மருந்தை டேங்கில் ஊற்றினேன். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியது. அந்த மாதம் முழுவதும், புற்றுநோய் கண்டிருந்த என் மனைவியைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வழியிலேயே அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எனக்குக் குடுக்கிற மருந்தவிட இது நல்லா கேக்குதே," என்று சிரித்தாள். "அத விடுங்க. என்கிட்ட வேற ஏதாவது பேசுங்களேன்."

"ரெண்டு கிலோமீட்டர் லேசு இல்லலா," என்றேன்.

அவள் இறந்த பிறகு தூரம் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது; அதே மருந்தை மறுபடி ஊற்றினேன். தூரம் கூடவேயில்லை. மருந்து போலி என்று அதை விற்ற மெக்கானிக்கிடம் போய்க் கத்தினேன். அவர் இஞ்செக்டர்களைக் கழற்றிப் பார்த்தார்.

"அடைப்பே இல்ல கிராணி. சுத்தமா இருக்கிறத மருந்து என்னலா பண்ணும்? அப்ப அக்காவ வண்டியில வச்சுக்கிட்டு மெதுவா ஓட்டியிருப்பீங்க."

உண்மைதான். வண்டி குலுங்கினால் அவளுக்கு வலிக்கும் என்று ஆக்ஸிலரேட்டரை மெல்லத்தான் மிதித்தேன். அந்த இரண்டு கிலோமீட்டரும் அவளுடைய வலி. அதைத்தான் அவளுக்கே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவள் என்ன பேச நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.