தம்பி சொன்ன சாட்சி

என் தம்பிக்குச் சர்க்கரை வந்தது லாரி ஓட்டிய காலத்தில். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போவான். சாப்பாடு, தூக்கம் எதற்கும் நேரம் காலம் கிடையாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கையோடு பரோட்டாவையும் தின்பான். கேட்டால், ரெண்டும் உள்ளே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பான். சரக்கு காணாமல் போன வழக்கில் அவனையும் சேர்த்துப் பிடித்து, விசாரணைக் கைதியாக ஜெயிலில் வைத்தார்கள். வழக்கைவிட எனக்கு அவன் வலது காலைப் பற்றித்தான் கவலை. பாதத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். லீவு போட்டுவிட்டு அவனைப் பார்க்கப் போவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு போன். ஜெயில் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் கைதியை வெளியே கூட்டிப்போகக் காவலுக்குப் போலீஸ் வேண்டும். மந்திரி வந்தால் போலீஸ் அங்கே, திருவிழா என்றால் அங்கே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் சபையில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

சபை கவரைப்பேட்டையில் இருக்கிறது. எங்கள் பாஸ்டர் மாதம் ஒருமுறை ஜெயிலுக்கு ஊழியத்துக்குப் போய், கைதிகளுக்கு ஜெபக் கூட்டம் நடத்துவார். நல்ல மனுஷன். சோப்பும் பிஸ்கட்டும் தன் கைக்காசில் வாங்கிப் போவார். மருந்தை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அவரிடம் போய் அழுதேன். அந்த மாதம் ஜெயிலுக்குப் போனபோது தம்பியின் முன் மண்டியிட்டு, சீழ் வைத்த அந்தப் புண்ணின் மேலேயே கை வைத்து ஜெபித்தார். பெற்றவர்களே தொடத் தயங்கும் கால் அது.

அடுத்த மாதக் கூட்டத்தில் தம்பி சாட்சி சொன்னான். சாட்சி என்றால், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னும் எழுந்து நின்று சொல்வது. தன் கால் வலி சுத்தமாகப் போய்விட்டது, இயேசு சுகமாக்கிவிட்டார் என்று மைக்கில் சொன்னானாம். கைதிகள் கைதட்டினார்களாம், ஜெயில் அதிகாரிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் இதைச் சொன்னதும் சபையே அல்லேலூயா என்றது. எல்லாரையும்விட என் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே அவனைப் பார்க்கப் போனேன்.

"ஆஸ்பத்திரிக்கு எப்படா கூட்டினு போறாங்க?"

"என் முறைய வேற ஒருத்தருக்குக் குட்த்துட்டாங்கக்கா. நெஞ்சு வலிக்காரரு, பாவம். நீதான் நல்லாயிட்டேன்னு மைக்ல சொன்னியேன்றாங்க. நெசந்தானே? வலி இல்லையே."

"புண்ணு இன்னாச்சி? காட்டு."

பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்தான். விரல்கள் கறுத்திருந்தன.

"அட பாவி, இதுவாடா நல்லானது?"

"கறுப்பாதான் கீது. ஆனா குத்தினாக்கூட தெரியலக்கா" என்று சிரித்தான்.

கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸிடம் சொன்னேன். சர்க்கரைக்காரர்களுக்கு வலி தெரியாமல் போனால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம், உடனே காட்டாவிட்டால் காலே போய்விடும் என்றார். பாஸ்டரிடம் ஓடினேன். மறுநாளே அவர் ஜெயிலுக்குப் போய்க் கெஞ்சினார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். வக்கீல் வைத்தோம். கோர்ட்டும் கூட்டிப்போகச் சொல்லிற்று. அதற்கும் போலீஸ் வர வேண்டுமே. கடைசியில் காய்ச்சல் கண்டு அவன் நினைவில்லாமல் விழுந்தான். அப்போது மட்டும் போலீஸ் உடனே கிடைத்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கைதிகள் வார்டில் பார்க்க அனுமதி கிடைத்தது. பாஸ்டரும் கூட வந்தார். இருக்கிற ஒற்றைக் காலைக் கட்டிலோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"இவன் எங்க சார் ஓடப் போறான்?" என்று காவலுக்கு இருந்த போலீஸ்காரரிடம் கத்தினேன்.

"ரூல்ஸுமா" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். எடுத்துவிட்ட கால் வலிக்கிறது என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கிருந்த நர்ஸ், அப்படித்தான் சிலருக்கு வலிக்கும், அதற்கும் தொடர்ந்து இங்கே வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெபம் பண்ணட்டுமாப்பா?" என்று கேட்டார்.

"வேணாம் பாஸ்டர்" என்றான் தம்பி. "இந்த வலியும் பூட்டா, அப்பால என்னை இங்க கூட்டினு வர மாட்டாங்க."