ஏழு குண்டுக்கும் விழாத கப்பல்

ஒல்லாந்தர் கோட்டையில் கொடி பறந்த நாளில், பழவேற்காட்டுக் குப்பங்களில் கட்டுமரம் கட்டத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. ஆனாலும் நீலமேகம் போட்ட கட்டை அவிழ்ப்பதற்கு அலையே அவரிடம் அனுமதி கேட்கும் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நீலமேகம்தான் என்று இன்னொரு பேச்சு. முப்பத்தைந்து வயது, அகலமான தோள், சும்மா இருக்கத் தெரியாத இரண்டு கைகள். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கை சோற்றில் இருக்கும். மற்றது பாயின் ஓரத்து நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை. கடலில் கப்பல் வந்து நின்றால் கோட்டையிலிருந்து ஆள் வருவான். குப்பத்து ஆண்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மூட்டை இறக்கப் போகவேண்டும். கப்பலுக்கும் கானாங்கெளுத்திக்கும் என்ன உறவோ, இரண்டும் ஒரே வாரத்தில்தான் வரும். மூன்று வருடமாக நீலமேகம் அந்த மீனை முதுகில் மூட்டையோடுதான் பார்த்தார். துள்ளுவது தெரியும், தொட முடியாது.

அப்போதுதான் கோட்டைக் கப்பித்தானுக்கு அவர் ஊரிலிருந்து ஒரு பொம்மைக் கப்பல் வந்தது. ஆறு முழ நீளம், மூன்று பாய்மரம், சுண்டுவிரல் அளவில் நாற்பது பீரங்கி. நிஜக் கப்பல்களின் அடிப்பலகையைப் புழு தின்றபோது தூங்கிய மனிதர், இதற்குத் தினமும் தன் கையால் தூசி தட்டினார்.

கோட்டைத் தச்சர்கள் அதற்கு ஒரு தாங்கி செய்தார்கள். நான்கு காலிலும் நான்கு சிங்கம், வரிசையாகப் பித்தளை ஆணி. பார்க்க அழகுதான். ஆனால் பெரிய மனிதர் யார் வந்தாலும் கோட்டையில் பீரங்கி மரியாதை உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் மண்டபத்துத் தரை குலுங்கும், ஆணி இளகும், சிங்கங்கள் காலை அகட்டும். கப்பல் இரண்டு முறை விழுந்தது. முதல் தடவை மூக்கு போயிற்று, அடுத்த தடவை பாய்மரம்.

இப்போது ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஏழு குண்டு. ஏழுக்கும் கப்பலை நிறுத்திக் காட்டுகிறவனுக்கு ஆயுள் முழுக்க மூட்டை வேலை இல்லை என்று கப்பித்தான் சொன்னதை, கோட்டைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி மக்பூல் குப்பத்தில் வந்து சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீலமேகம் கயிற்றுச் சுருளோடு கோட்டை வாசலில் நின்றார்.

ஆணி எத்தனை வேண்டும் என்று மக்பூல் கேட்டார்.

"ஆணி மொறச்சிக்கும் பாய். கயிறு வளைஞ்சி குடுக்கும். அலை குடுக்காத அடியா உங்க பீரங்கி குடுத்துடப் போவுது?"

மூன்றே நாள். கப்பலின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு அகட்டி, கனத்த மரத்தில் கால்கள். அடிக்கட்டை உட்கார நடுவில் ஒரு பள்ளம். வயிறு பதிய முன்னால் ஒரு கவை, பின்னால் ஒரு கவை. இரண்டிலும் தேங்காய்நார் மெத்தை. கால்களுக்குக் குறுக்கே மணல் மூட்டை. எல்லா இணைப்பும் கயிறு. கப்பித்தான் வந்து தன் கையாலேயே உலுக்கிப் பார்த்தார். தாங்கி லேசாக முனகியது, அவ்வளவுதான். நீலமேகம் வீட்டுக்கு ஓடி வந்து மனைவி செல்வம்மாளிடம் நடித்தே காட்டினார். கப்பித்தானாகவும் அவரே, கப்பலாகவும் அவரே.

செல்வம்மாள் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்டனது சரி. அந்தக் கைய எங்க வச்சிக்கப் போற?"

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. கரையேறியதும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டால்தான் கட்டுமரக்காரனுக்கு அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. அவிழ்ப்பதற்கு மூளை தேவையில்லை, கையே போதும்.

அதிகாரி வந்த காலையில், தாங்கியின் பக்கத்தில் நீலமேகத்தை நிறுத்திவைத்தார்கள். முதல் குண்டில் கயிறு இழுத்தது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. மூன்றாவதில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. ஐந்தாவதில் அலமாரியிலிருந்து ஒரு சீனத் தட்டு இறங்கி வந்து உடைந்தது. ஏழு! கப்பல் அசையவில்லை. நீலமேகத்துக்கு மார்பு வெடித்துவிடும் போலிருந்தது. இனிக் கானாங்கெளுத்தி முழுக்கத் தன்னுடையது என்று பக்கத்திலிருந்த மக்பூலிடம் படபடவென்று பேசினார். பேசப் பேச, வேலை முடிந்த சேதி கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. முன்கவையின் கட்டு அவிழ்ந்தது.

மூக்குச் சாய்ந்த கப்பலுக்கடியில் நீலமேகம் ஒரு முழங்காலை ஊன்றித் தோளைக் கொடுத்தார். கதவு திறந்தது. அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் வந்த கப்பித்தானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

மக்பூலுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். மிக உயர்ந்த விருந்தாளி வந்தால் மட்டும், கட்டியவனே கப்பலைத் தோளில் ஏந்தி நிற்பது இந்தக் கரையின் வழக்கம் என்று ஒல்லாந்த மொழியில் எடுத்துவிட்டார். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். தனக்கு வேறெந்தக் கோட்டையிலும் இந்த மரியாதை கிடைத்ததில்லை என்றார். விருந்து முடியும்வரை நீலமேகம் அப்படியே இருந்தார். அதிகாரி கோழிக்கால் கடிப்பதைக் கப்பலின் கீழிருந்து முழுக்கப் பார்த்தார்.

மூட்டை வேலை இல்லை என்று கப்பித்தான் அங்கேயே ஓலை எழுதிக் கொடுத்தார். மறுநாள் செல்வம்மாள் கோட்டைக்குப் போய், புருஷன் மறுபடி போட்ட கட்டுகளுக்கு மேல் வலை முடிச்சாக முடிந்துவிட்டு வந்தாள். அதை அவிழ்க்க அவருக்குத் தெரியாது.

அடுத்த கப்பல் கானாங்கெளுத்தியோடுதான் வந்தது. குப்பம் மூட்டைக்குப் போக, நீலமேகம் ஒற்றைக் கட்டுமரத்தோடு கூவிக்கொண்டே அலையில் பாய்ந்தார். சற்று நேரத்தில் கோட்டைச் சிப்பாய் மூச்சிரைக்க ஓடிவந்தான். கப்பலில் விருந்தாளி இருக்கிறாராம், பத்தாவியாவில் இந்த மரியாதையைப் பற்றிக் கேள்விப்பட்டாராம், தோள் வேண்டுமாம்.

செல்வம்மாள் ஓலையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தோளு கடலுக்குப் போயிருக்குது. மரத்துல ஒண்ணு கட்டி வச்சிருக்குதே, அது போதும்னு சொல்லு."

தூரத்தில் நீலமேகத்தின் வலை கனத்துக்கொண்டிருந்தது.