கடைசி நிப்பிள்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வங்கிப் பாஸ்புக்கோடு சரி. மற்றவர்களுக்கு அவர் எட்டிப்பார்த்தான். மரியாதை தெரிந்தவர்கள் எட்டிப்பார்த்தார் என்பார்கள்.

கோழிக் கொட்டகைக் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறப்பார். தலையை மட்டும் உள்ளே நீட்டுவார். பார்த்துவிட்டுச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவார். கோடையில் உள்ளே காலடி வைத்தால் கோழி மிரளும், மிரண்டால் ஓடும், ஓடினால் சூடேறிச் சாகும். அதனால் நடுப்பகலில் அவர் வாசலைத் தாண்டுவதே இல்லை. பயந்த சுபாவம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு குழி சாட்சியாக இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் குழி. போன கோடையில் ஒரே பிற்பகலில் செத்த கோழிகளை அதில் போட்டு மூடினார்கள். மண் இறங்கி, அந்த இடம் இப்போது பள்ளமாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். குஞ்சு கொடுக்கும் கம்பெனிக்காரர் இந்தத் தடவை சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் கோடையும் அப்படிப் போச்சுன்னா, உங்க கொட்டகைக்கு இனி குஞ்சு இறங்காதுங்க." கொட்டகையை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. எட்டிப் பார்ப்பதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அதனால்தான் கோடை பிறக்கும் முன்பே கால்நடை டாக்டரம்மாவிடம் போய் நின்றார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"வெயில் ஏறினா கோழி உடம்பு ரத்தத்தைத் தோல் பக்கம் தள்ளும், சூட்டை வெளிய விட. குடலுக்கு ரத்தம் குறைஞ்சிடும். குடல் சுவத்துல செல்லெல்லாம் இடுக்கு இல்லாம நெருக்கி நிக்கும் பாருங்க, அது தளர்ந்துடும். உள்ள இருக்கற கிருமியும் விஷமும் கசிஞ்சு ரத்தத்துல கலக்கும். நீங்க பாக்கறது கழிச்சலை. உள்ள நடக்கறது சுவர் இடியறது."

சுவர் இடிகிறது என்ற வார்த்தை அவர் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மஞ்சள்ல இருக்கற குர்குமின், ஓமத்துல இருக்கற தைமால், இதெல்லாம் அந்தச் சுவத்துக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுக்கும்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. நான் சொல்ற அளவுக்கு மட்டும், தீனியில கலந்து, விடியக்காலையில வைங்க. வெயிலுக்கு இது மருந்து இல்ல. காத்தும் தண்ணியும்தான் மருந்து. இது துணை. புரியுதா?"

புரிந்தது. சில வாரங்கள் சொன்னபடியே செய்தார். எச்சம் கெட்டிப்பட்டது. அவர் தூக்கத்தில் புலம்புவதும் குறைந்ததாக மனைவி சொன்னாள்.

பிறகு அந்த நாள் வந்தது. காலையிலேயே காற்று செத்துவிட்டது. கோழிகள் இறக்கையை உடம்பை விட்டு விலக்கி, வாயைத் திறந்து இரைத்தன. தீனித் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

எட்டிப்பார்த்தார் தட்டையே பார்த்துக் கணக்குப் போட்டார். தீனி எடுக்கவில்லை என்றால் மஞ்சளும் ஓமமும் உள்ளே போகவில்லை. போகவில்லை என்றால் முட்டு இல்லை. முட்டு இல்லையென்றால் சுவர்? ஆனால் தண்ணீரை மட்டும் மாய்ந்து மாய்ந்து குடிக்கின்றனவே. கோழி வளர்க்கிற யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான் அவருக்கும் தோன்றியது. பொடியை வாளியில் கரைத்தார், பழைய துணியில் வடிகட்டினார், கொட்டகைக் குழாய்க்குத் தண்ணீர் போகும் தொட்டியில் ஊற்றினார். பயத்தில் ஒரு கை கூடுதலாகவே விழுந்தது.

தீவன மூட்டை இறக்க வந்த மைத்துனன் பார்த்துச் சிரித்தான். "என்ன மாமா, தொட்டிக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டறீங்களா?"

"உனக்குச் சிரிப்பு மாப்ள. உள்ள சுவர் இடிஞ்சிட்டிருக்கு."

"எந்தச் சுவரு?" அவன் கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

உச்சி வேளையில் எட்டிப் பார்த்தார். வாசலோரக் கோழிகள் கழுத்தை நீட்டி, குழாயில் வரிசையாகத் தொங்கும், கொத்தினால் சொட்டும் நிப்பிளைக் கொத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் வருகிறது. சாத்தினார். மறுபடி பார்த்தார். அப்போதும் கொத்தின. மனசு கொஞ்சம் ஆறியது.

மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவருடைய தோளுக்கு மேலாக அவளும் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாம் ஏன் வாசப்பக்கமே நெருக்கிட்டு நிக்குது?"

"இங்கதான் காத்து வருது."

"காத்தாடி நடுவுலதானே இருக்கு?"

அவர் காத்தாடியைப் பார்த்தார். அப்போதுதான் காதைத் தீட்டினார். வாசலோரம் டிக் டிக் என்று நிப்பிள் சத்தம். அதற்கு அப்பால், கொட்டகையின் மறுகோடியில், ஒன்றுமே இல்லை. போன கோடையிலும் முதலில் வந்தது இந்த அமைதிதான்.

உள்ளே ஓடினால் கூட்டம் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். வெளியே சுற்றிக்கொண்டு ஓடினார். அந்தப் பள்ளத்தை மிதித்தே ஓடினார்; மிதித்தது தெரியவில்லை. பின்பக்கப் படுதாவைத் தூக்கினார். கடைசி நிப்பிளை விரலால் அழுத்தினார். சொட்டவில்லை. அடுத்ததையும் அழுத்தினார். அதுவும் வறண்டிருந்தது. துணிக்குத் தப்பிய நுண்ணிய பொடி குழாய் வழியே தண்ணீரோடு வந்து, கடைக்கோடியில் அப்பி அடைத்துக் கிடந்தது. கீழே சில கோழிகள் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தன. ஒன்று அவரைப் பார்த்தது. ஓட அதற்குத் தெம்பில்லை.

"தொட்டியக் கொட்டும்மா. நல்ல தண்ணி விடு," என்றார். பின்னாலேயே வந்த மனைவி தொட்டிக்கு ஓடினாள்.

குழாயின் முனை மூடியைக் கழற்றினார். மஞ்சள் சேறு குபுக்கென்று வந்தது. பிறகு கலங்கல். பிறகும் கலங்கல். மைத்துனன் சிரிப்பை விட்டுவிட்டு, தண்ணீர்த் தட்டுகளை நிரப்பிப் படுதாவுக்கு அடியில் மெல்லத் தள்ளினான். தண்ணீர் தெளிந்தபின் ஒவ்வொரு நிப்பிளாகக் கழற்றி, ஊதி, மாட்டினார்கள். வெயில் சாயும்போது மறுகோடியில் ஒரு டிக் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

கொட்டகை பிழைத்தது. கடைக்கோடிக் கோழிகளில் கொஞ்சம் பிழைக்கவில்லை.

போனில் டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "தீனியிலன்னு சொன்னேனே. திங்காத வேளையில ஒண்ணும் குடுக்க வேண்டாம். தண்ணி தண்ணியா இருக்கட்டும்," என்றார்.

செத்தவற்றைப் புதைக்க எட்டிப்பார்த்தார் குழி தோண்டினார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெருசு?"

"நாளைக்கும் வெயில் இருக்கே."

அவள் மண்வெட்டியை வாங்கினாள். குழியில் பாதியை மண்ணால் நிரப்பினாள். "நாளைக்கு வாசல்ல நின்னு பாக்காதீங்க. இந்தக் கோடியில வந்து நின்னு பயப்படுங்க," என்றாள்.

இப்போதெல்லாம் அவர் முதலில் பின்பக்கப் படுதாவைத்தான் தூக்குகிறார். கடைசி நிப்பிளை அழுத்துகிறார். சொட்டு விரலில் விழும்வரை மூச்சு விடுவதில்லை.