ஹாத்தி என்றால் நெஞ்சு அல்ல

முன்கூட்டியே மனதுக்குத் தெரியும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: என் தம்பி லோரி ஓட்டுகிறான். என் அம்மா அவனை ஒரு நாளைக்குப் பலமுறை கைப்பேசியில் அழைக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்துவைத்தால் என்றாவது ஒரு நாள் அற்புதம் நடந்தே தீரும். நடக்காமல் இருந்தால்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டு அற்புதம் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. தம்பி கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜோகூருக்கு கொள்கலன் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தாள். "மனசுக்கு என்னமோ பண்ணுது" என்று சொல்லி அவனை அழைத்தாள். அவன் பேசுவதற்காக ஓய்விடத்தில் லோரியைத் திருப்பி நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் அதே நெடுஞ்சாலையில், சற்றுத் தள்ளி, நாலைந்து வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அவ்வளவுதான். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் அன்றிலிருந்து அம்மாவுக்குச் சக்தி உண்டு.

அந்தச் சக்திக்குப் பூசாரி என் சின்னம்மா. அம்மாவின் தங்கை, எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

"அக்கா மனசு ஒண்ணு சொன்னா சொன்னதுதான்லா. நீங்களும் தூரமா எங்கயாச்சும் போறதுன்னா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க."

கேட்க வந்தார்கள். காரை எடுக்கலாமா, மகளை அந்த வீட்டில் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். மேல்மாடி அங்கிள் ஒருவர் இந்த வார லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்கு என் மவன பத்தி மட்டுந்தாங்க தெரியும்" என்று அனுப்பிவைத்தாள். அந்த அளவுக்கு அவள் நேர்மையானவள். சின்னம்மாவாக இருந்தால் எட்டு நம்பர் சொல்லியிருப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தேன். இப்போது பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறை. எத்தனை வீடு எரியும், எத்தனை கார் மோதும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். சொல்லவும் செய்கிறோம். அதற்காக அங்கே யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன்.

"ம்மா, நீங்க பதறிப் போன் பண்ணி, அங்க ஒண்ணுமே நடக்காத நாளு எத்தன இருக்கும்? அத ஏன் யாருமே கதையா சொல்றதில்ல?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். சின்னம்மாதான் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் நடக்காமப் போனதே அக்கா போன் பண்ணதாலதான்டி."

விபத்து நடந்தாலும் சக்தி, நடக்காவிட்டாலும் சக்தி. இப்படி ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்திருக்கிறவளிடம் எந்தக் கணக்கும் செல்லாது. நான் சிரித்தேன்.

"பாரு, சிரிப்ப பாரு. படிச்ச திமிரு."

"ஆமா சின்னம்மா. கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்குன திமிரு. சும்மா வரல."

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸில் மழையில் நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அம்மா கீழ்மாடியில் தொடர் நாடகம் பார்த்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். நெஞ்சு, கண், உள்ளங்கால், எதுவும் எதையும் சொல்லவில்லை. நான் மாவுக்கட்டோடு வந்து நின்றபோது சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான்! அதான் அன்னிக்கு அக்காவுக்குப் புரை ஏறுச்சு! நீ நெனச்சிருக்க!"

சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது இவர்கள் சாஸ்திரம். நான் அப்போது யாரையும் நினைக்கவில்லை. என் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சமாதானம் சொன்னாள்: "நீ படிச்ச புள்ள. ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மனசு விட்டுருச்சு போல." பாராட்டு என்றுதான் சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் குழாய்த் தண்ணீர் நின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதி ஊருக்கு நின்றது. வழக்கம்போல முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அழுக்குத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்தேன். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. ஒரு கை நெஞ்சில், ஒரு கையில் கைப்பேசி.

"தம்பி எடுக்க மாட்டேங்கிறான். அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. மனசு கெடந்து அடிச்சுக்குது."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு வேகமாக ஓடியது, நின்றது, இரண்டு மூன்று ஒன்றாக முட்டிக்கொண்டன, மறுபடி ஓடியது. கணக்குப் படித்தவளுக்கு ஒழுங்கு எது, ஒழுங்கின்மை எது என்று தெரியும். அவள் கவலை தீரட்டும் என்று முதலில் தம்பியின் முதலாளியை அழைத்தேன். அவர் லோரிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் திரையைப் பார்த்துச் சொன்னார்: "லோரி சிகாமட்ல நிக்குதுலா. தூங்குறான் போல. ஏன், என்னா?" தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிக்கொண்டிருந்தது அம்மாவுக்கு.

"ம்மா, இது எவ்ளோ நாளா இப்படி அடிக்குது?"

"அதுவா? ரொம்ப நாளா இருக்கு. ரெண்டு வாட்டி கிளினிக்குக்குக் கூடப் போனேனே."

"கிளினிக்ல என்னன்னு சொன்னீங்க?"

"ஹாத்தி தாக் செடாப்னு சொன்னேன்."

மலாயில் ஹாத்தி என்றால் உடம்பில் ஈரல், பேச்சில் மனசு. 'ஹாத்தி தாக் செடாப்' என்று சொன்னால் மனசு சரியில்லை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது போல இருக்கிறது என்று அர்த்தம். அடிக்கிற இதயத்துக்கு வேறு சொல் இருக்கிறது: ஜந்தோங். தோட்டத்துச் சந்தையில் காதால் மலாய் கற்ற அம்மாவுக்கு, தமிழில் நெஞ்சு எப்படி இரண்டு வேலையும் பார்க்கிறதோ, ஹாத்தியும் அப்படித்தான். "அதிகம் யோசிக்காதீங்க ஆன்டி" என்று சொல்லி இரண்டு முறையும் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கிளினிக்கைக் குறை சொல்லவும் வழியில்லை. மனசு சரியில்லை என்று வந்தவளுக்கு மனசுக்கான மருந்து கொடுத்தார்கள். வெளியே வந்தால் இந்தப் பக்கம் சின்னம்மா, அந்த மனசுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதே வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நான் பேசினேன். ஜந்தோங் என்று சொன்னேன். உடனே படுக்கவைத்து நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். இளம் பெண் டாக்டர் ஈசிஜி தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இதயத்தின் மேலறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்குகின்றன; நடுங்கும்போது உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம்; கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது சின்னம்மா வாசலிலேயே நின்றாள். "பாத்தியா, அக்கா மனசுல கூப்பிட்டாங்க, பொண்ணு ஓடியாந்து நின்னா!"

"சின்னம்மா, தண்ணி இல்லன்னு வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபுல்லா தண்ணி இல்ல. எல்லாரையுமா கூப்பிட்டாங்க?"

"ஒனக்கு அப்படி ஒரு சாக்கு கெடச்சுச்சு பாரு, அதுதான்டி சக்தி."

நான் துணிகளை ஊறப்போட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து வந்தபோது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"அந்த ரெண்டு மாத்திரையயும் நிறுத்திட்டேன்."

"என்னது?"

"அத போட்டா மனசு ஊமையாப் போயிருது. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. அவன் பாட்டுக்கு ரோட்டுல கெடக்கான், எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முட்டாள் அல்ல. அதுதான் என்னைக் கொதிக்கவைத்தது. மாத்திரை அவள் துடிப்பைச் சீராக்கியது, படபடப்பு நின்றது, படபடப்புதான் மகனைப் பற்றிய செய்தி என்றால் செய்தியும் நின்றது. கணக்கு மிகச் சரி. தொடக்கம் மட்டும் தப்பு.

"ம்மா, டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா? கை கால் இழுத்துக்கும்."

"எனக்கு வந்தா வரட்டும். நான் வீட்டுலதான இருக்கேன். அவன் ரோட்டுல இருக்கான்."

சின்னம்மா தலையாட்டினாள். "மருந்து சக்திய அமுக்கிருச்சு. நான் அன்னிக்கே சொன்னேன்."

அவள் எதையும் அன்றைக்கே சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எல்லாவற்றையும் மறுநாள்தான் அன்றைக்கே சொல்வார்கள்.

மாடிப்படிக்கு வந்து தம்பியை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான்.

"டேய், நீயா அம்மாவுக்கு என்னிக்காச்சும் போன் பண்ணிருக்கியா?"

"நான் எதுக்குக்கா? அவங்களே பண்ணுவாங்க. எனக்கு ஒண்ணுன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்லா."

"நல்லா இருந்தா?"

"அதுவும் தெரிஞ்சிரும்தான."

இத்தனை வருடம் நான் தவறான ஆள்களிடம் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. மனதோடு மனது பேசும் என்பதில் இவனுக்குத்தான் எவ்வளவு வசதி. விரலை அசைக்க வேண்டியதில்லை. அவன் தூங்கலாம், சீட்டாடலாம், கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் சாப்பிடலாம். அந்தப் பக்கம் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவனைக் காவல் காப்பாள். அதற்குச் சக்தி என்று பெயர் வைத்துவிட்டால் அவன் கேடுகெட்ட மகன் ஆகமாட்டான். சக்தி உள்ளவளின் மகன் ஆவான்.

"மொதலாளி ஒன் லோரிக்கு ஜிபிஎஸ் மாட்டிருக்காரு. அம்மாவோட ஜந்தோங்குதான் ஒனக்கு ஜிபிஎஸ்ஸாடா?"

அந்தப் பக்கம் லோரிகள் கடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னா செய்யணும், சொல்லு" என்றான்.

சொன்னேன். காலையில் சாவியைப் போடும் முன்னால் அழைக்க வேண்டும். அம்மா மாத்திரையை விழுங்கினாள் என்று காதால் கேட்காமல் லோரியைக் கிளப்பக்கூடாது. மனசு சொன்னது, கனவு சொன்னது எல்லாம் வேண்டாம். போன் இருக்கிறது, வாய் இருக்கிறது.

மறுநாள் காலை நான் பக்கத்திலேயே நின்றேன். கைப்பேசி மேசையில் அலறியது. அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். அவன் தானாக அழைத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஏதோ ஆகிவிட்டது என்றே எடுத்தாள்.

"ம்மா, மாத்திர போட்டீங்களா?"

"ஏன்டா, என்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நீங்க போட்டாத்தான் லோரிய எடுப்பேன். எடுக்கலன்னா மொதலாளி கத்துவாரு. சீக்கிரம்லா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரையும் மாத்திரைகளையும் நகர்த்தினேன். விழுங்கினாள். "போட்டுட்டேன்டா" என்றாள். அந்தப் பக்கம் எஞ்சின் உறுமிக் கிளம்பிய சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. இணைப்பு போன பிறகும் அம்மா கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அழைக்கிறான். மறந்த நாளில் நான் அவனை அழைத்து, எழுத முடியாததைச் சொல்கிறேன். அம்மா ஒவ்வொரு முறையும் என்னிடம், "பாத்தியா, இப்பத்தான் நெனச்சேன், கூப்புட்டுட்டான்" என்கிறாள். நாள் முழுக்க ஒருவனையே நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு எப்போது மணி அடித்தாலும் இப்போதுதான் நினைத்ததாக இருக்கும். மருந்தையும் மீறி அக்காவின் சக்தி வேலை செய்கிறது என்று சின்னம்மா லிஃப்டில் அறிவித்துவிட்டாள். அறிவிக்கட்டும். மாத்திரை உள்ளே போனால் போதும். எந்தக் கதையோடு போனாலும் இரத்தம் உறையாது.

போன வாரம் அழைப்பு முடிந்ததும் அம்மா பழக்கத்தில் நெஞ்சில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"என்னம்மா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள். ஒரு ஆள் வீட்டைவிட்டுப் போனதுபோல இருந்தது அவள் குரல்.

"ஒழுங்கா வேல செய்யுதும்மா. அதான் சத்தம் போடல."

"ஒனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வெண்டைக்காய்க் கூடையை மடியில் இழுத்துக்கொண்டாள்.